மைனரைக் கூப்பிட்டது நான்

எனக்கு எழுபத்து மூன்று வயது முடிந்துவிட்டது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, ஒன்று என் கொழுந்தன் விட்டுவிட்டுப் போனது. அதுவும் என்னை அம்மா என்றுதான் கூப்பிடும். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை இது. பேனா பிடித்துப் பழக்கமில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டுகிற அளவுக்குப் படித்ததோடு சரி. "நீங்க சொல்லுங்க அப்பாயி, நான் எழுதுறேன்" என்று பேத்தி கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். இந்தக் கதை ஏற்கெனவே அடுத்தவள் கைக்குப் போய்விட்டது. இனியும் போகவிட மாட்டேன்.

என் சோட்டுக்காரிகளே, என் வயதுக்காரிகளே, நீங்களும் இதைக் கேட்டிருப்பீர்கள். கல்யாண வீட்டில் காய் நறுக்க உட்கார்ந்தால் யாராவது எடுத்துவிடுவார்கள். தாயில்லாத பெண் ஒருத்தி மணியை அடித்து, வெடிக்குப் பலியாக இருந்த நாயைத் திரும்பக் கூப்பிட்டாள் என்று. அந்தக் கதையில் நானும் வருவேன். அழுதுகொண்டு ஓரமாக நிற்பேன். சிலர் சொல்லும்போது அந்த ஓரமும் எனக்கு இல்லை. நான் அழவில்லை. ஓரமாகவும் நிற்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டம். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். அது ரப்பர் காய் வெடிக்கிற காலம். வெயில் ஏற ஏற மலை முழுக்க டப் டப் என்று கேட்கும். விதை தெறித்து, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துத் தகரக் கூரையில் விழுந்து உருண்டு வரும். அந்த விதையைக் கல்லில் தேய்த்துச் சூடாக்கி, தெரியாமல் அடுத்தவள் தொடையில் வைப்பதுதான் எங்கள் விளையாட்டு. பள்ளிக்கூடத்து வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டார், புதியவர் வரவில்லை. பிள்ளைகள் எல்லாம் அவிழ்த்துவிட்ட ஆடு மாதிரி திரிந்தோம்.

நாய்க்குட்டியை அப்பா கீழே சிங்களக் கிராமத்திலிருந்து சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளை, சலவைத் துண்டைப் போட்டுக்கொண்ட மாதிரி. "பாரு, மைனர் மாதிரி வாராரு" என்று அப்பா சிரித்தார். அதுவே பேராகிவிட்டது. "இந்தா, ஒனக்குத்தான்" என்று என் கையில்தான் கொடுத்தார். அந்த வீட்டில் எனக்குத்தான் என்று எனக்குக் கிடைத்த முதல் பொருள் அது. பாயில் அண்ணனோடு பங்கு, போர்வையில் பங்கு, ரொட்டியில் பங்கு. மைனரில் மட்டும் பங்கில்லை என்று நினைத்திருந்தேன்.

மைனர் பால்பல் விழுந்து வளர்ந்த நேரத்தில் அவள் வந்தாள். அவள் என் அத்தை மகள். நிவித்திகல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பாவின் தங்கை காய்ச்சலில் செத்துப்போனார். கருமாதிக்குப் போன அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். என் வயதுதான் அவளுக்கும். ஒரு துணிப்பை, எண்ணெய் படிந்த நீல ரிப்பன், எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுகிற வாயில்லாத முகம். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தது மாதிரி ஒன்றையே சொன்னார்கள். "பாவம், தாயில்லாத புள்ள."

அந்த வார்த்தை எங்கள் வீட்டில் செய்யாத காரியமில்லை. கருகாத ரொட்டி அவளுக்குப் போனது. அடுப்புக்குப் பக்கத்தில் ஈரம் ஏறாத இடம் அவளுக்குப் போனது. மரத்தில் வெட்டுவாயில் காய்ந்து நிற்கும் ஒட்டுப்பாலை இழை இழையாகச் சுற்றி அப்பா வருசம் ஒரு பந்து செய்வார். கூரை உயரத்துக்குத் துள்ளும். இன்றைக்கு எந்தக் கடையிலும் அப்படிப் பந்து கிடையாது. அந்த வருசப் பந்து அவளுக்கு. "அப்பா, அது நமக்கில்லையா?" என்று கேட்டேன். "ஒனக்கு அம்மா இருக்கால்ல" என்றார். அம்மாவுக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

சரி, பந்து போகட்டும். மைனர் இருக்கிறான் என்று ஆறுதல்பட்டேன்.

காலையில் மலைக்கு ரொட்டியும் பிளேன்டீயும் கொண்டுபோவது எங்கள் இருவர் வேலை. ரப்பர் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விடியும்போது மரத்தைக் கீறிவிட்டால் பால் சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் இறங்கும். அது நிரம்புகிற வரைக்கும் வெட்டுக்காரர்கள் காத்திருப்பார்கள். பால் நிறுக்கிற கொட்டகையில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். அதைத்தான் மணி என்போம். கணக்கப்பிள்ளை அந்த மணியை அடித்தால் எல்லோரும் வாளியோடு எழுந்து பால் எடுக்கப் போவார்கள்.

காத்திருக்கிற நேரம் மனிதர்களுக்குச் சாப்பாட்டு நேரம், நாய்களுக்குக் கூத்து நேரம். லயத்து நாய்களும் கிராமத்து நாய்களும் கொட்டகைக்குப் பின்னால் கூடிவிடும். அதுகளைப் பார்த்துவிட்டால் மைனருக்கு நான் யாரோ எவளோ. "மைனர், மைனர்" என்று தொண்டை கிழியக் கத்துவேன். ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்புவான். பிறகு அந்தக் காதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். வெட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். "ஏ புள்ள, மைனருக்கு ஊரெல்லாம் சிநேகிதம், ஒன்னையக் கண்டா மட்டும் கடன்காரியக் கண்ட மாதிரி ஓடுறானே!"

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "வந்தவொடனே முதுகுல ரெண்டு வையி. அப்பத்தான் அடுத்த தடவை போகப் பயப்படும்" என்றார். எங்கள் லயத்தில் பிள்ளைகளுக்கும் அதே வைத்தியம்தான். இருட்டி வந்தால் வாசலிலேயே விழும். அதனால் இருட்டிவிட்டது என்று தெரிந்தால் நாங்கள் இன்னும் நன்றாக இருட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போவோம். அப்பா கண்ட பலன் அவ்வளவுதான். ஆனாலும் அப்பா சொன்னாரே என்று நானும் வைத்தேன். மைனர் திரும்பி வருவான், கிளுவைக் குச்சியால் ரெண்டு வைப்பேன். கொஞ்ச நாளில் அவன் ஒரு கை எட்டாத தூரம்வரை வந்து அங்கேயே படுத்துக்கொள்ளப் பழகினான். பிறகு அங்கேயும் வரவில்லை.

இவள் இருக்கிறாளே, இவள் கூப்பிடவே மாட்டாள். குந்தியிருந்து மண்ணை உள்ளங்கையால் மெல்லத் தட்டுவாள். அவ்வளவுதான். அவன் வாலைச் சுருட்டிக்கொண்டு அவள் மடியில் வந்து விழுவான். அவள் காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவாள். எனக்கு வயிறு எரியும். வயிறெரிச்சல் என்று சும்மா சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். பச்சை மிளகாய் தின்ற மாதிரி உண்மையாகவே எரியும்.

"என் நாயை ஏண்டி தொடுற?"

"அதுதான் வந்துச்சு."

"நான் கூப்பிட்டா மட்டும் ஏன் வரமாட்டேங்குது? நீ என்னமோ மருந்து வச்சிருக்க."

அவள் மைனரின் காதைத் தடவிவிட்டாள். பிறகு சொன்னாள்: "அது போனதுக்கு நீ அடிக்கல புள்ள. வந்ததுக்குல்ல அடிக்கிற."

"கொழுந்துத் தோட்டத்துக்காரி, நாயப் பத்தி ஒனக்கு என்னடி தெரியும்?"

"நாய் அங்கயும் நாய்தான்."

அவள் சொன்னது சரி. கேட்ட உடனே எனக்குத் தெரிந்தது. தப்பாகச் சொல்லியிருந்தால் அவளை மன்னித்திருப்பேன். குச்சியைத் தூக்கி ஓடையில் எறிந்தேன். ஆனால் அவளைப் போல மண்ணைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை. அவள் வழியில் வருகிற நாய் எனக்கு எதற்கு? எனக்கென்று ஒரு வழி வேண்டும்.

வழி மணியில் கிடைத்தது. என் ரொட்டியில் பாதியைப் பாவாடை மடிப்பில் ஒளித்துவைத்துக்கொண்டு கொட்டகைக்குப் பக்கத்தில் மைனரோடு உட்கார்ந்தேன். கணக்கப்பிள்ளை மணியை அடித்தார். சத்தம் அடங்குவதற்குள் ஒரு துண்டை அவன் வாயில் போட்டேன். மறுநாளும் அப்படி. மணி, ரொட்டி. மணி, ரொட்டி. மணி இல்லாத நேரத்தில் எவ்வளவு கெஞ்சினாலும் கிடையாது. பிறகு கொஞ்சம் தள்ளி நின்றேன். பிறகு மரத்துக்குப் பின்னால். நாய்க்கூட்டம் தூரத்தில் நிற்கும்போது பழக்கினேன், பக்கத்தில் வந்தபோதும் பழக்கினேன். மழை பெய்தால் வெட்டு இல்லை, மணியும் இல்லை. அன்றைக்கு என் பாடமும் இல்லை.

பாதி ரொட்டியோடு பகலெல்லாம் மலை ஏறி இறங்குவது லேசில்லை. ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிற கட்டசம்பலை வழித்து நக்கித் தண்ணீர் குடிப்பேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள். ஒன்றும் கேட்காமல் தன் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள். எனக்கு அது இன்னும் ஆத்திரம். தின்றேன், ஆத்திரத்தோடுதான் தின்றேன்.

ஒரு நாள் நாய்கள் எல்லாம் ஒரு கீரியைத் துரத்திக்கொண்டு காட்டோரம் போகின்றன. மைனர் முன்னால் ஓடுகிறான். மணி அடித்தது. நாலு காலையும் மண்ணில் ஊன்றி நின்றான். கீரியைப் பார்த்தான். திரும்பினான். பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, நேரே என்னிடம் வந்து முன்னால் உட்கார்ந்தான். வாயில் நுரை, கண் இரண்டும் என் கையில்.

வெற்றிலை போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த கங்காணி சொன்னார்: "அடி ஆத்தே! ஆளுங்களே மணியடிச்சா மூணு தடவை கொட்டாவி விட்டுட்டுத்தான் எந்திரிக்கிறாங்க. இந்த நாய்க்கு அரைப்பேராச்சும் போடணும் போலயே!"

அரை நாள் சம்பளத்தைத்தான் அரைப்பேர் என்போம். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் சிரித்தாள். பொறாமைப்படவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அதற்குப் பிறகுதான் பங்களாவிலிருந்து உத்தரவு வந்தது. துரைசாணி வளர்த்த சாதி நாய், பெட்டை, அது பருவத்துக்கு வந்திருந்தது. ஊர் நாயெல்லாம் பங்களா வேலியைச் சுற்றி ஊளையிட, துரைக்குத் தூக்கம் போய்விட்டது. பங்களா வாட்சர் லயத்துக்கு வந்து சொன்னார். அவர் சிங்களவர், எங்கள் தமிழ் அவருக்குப் பாதி வரும். "நாயெல்லாம் கட்டி வைங்க. பல்லா ஆவொத் வெடி தியனவா." நாய் வந்தால் வெடிதான் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் அதைத் தமிழில் சொல்லத் தேவையில்லை.

மைனரைக் கயிற்றுப் பிரியால் வாசல் தூணில் கட்டினோம். மழை பெய்து வெட்டு நின்ற ஒரு நாள், மத்தியானத்துக்கு மேல் பார்த்தால் தூணில் கடித்த கயிறு மட்டும் இருக்கிறது. நானும் அவளும் ஓடினோம். கொட்டகைக்கு மேலே உள்ள மேட்டில்தான் பங்களா. செம்பருத்தி வேலியோரம் நாய்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் வெள்ளைக் கழுத்து.

வாட்சர் வீட்டுக்குப் பின்னாலிருந்து துவக்கோடு வந்தார். எங்களைப் பார்த்து முகம் சுருங்கியது. "தொர ஜன்னல்ல நின்னு பாக்குது, துவே. நான் என்ன செய்யிறது?" துவே என்றால் மகளே. "தோட்டா போடுறேன். மெதுவாத்தான் போடுவேன். அதுக்குள்ள கூப்பிட்டுக்க."

"மைனர்!" என்று கத்தினேன். ஒரு காது திரும்பியது. பிறகு அதுவும் போனது.

அவள் குந்தினாள். ஈர மண்ணைத் தட்டினாள். அவன் பார்த்தான், வாலை ஆட்டினான், மறுபடி வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டான். சத்தியமாகச் சொல்கிறேன், துவக்கு அங்கே நிற்கிறபோதுகூட எனக்குள் ஒரு குளிர்ச்சி. இவள் தட்டியும் வரவில்லையே!

அடுத்த நொடி பயம் பிடித்தது. அதுவரை அவளிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டேன்.

"ஏ புள்ள, ஓடிப்போயி ரொட்டி எடுத்துக்கிட்டு கொட்டகைக்கு வா!"

அவள் லயத்துக்கு ஓடினாள். நான் கொட்டகைக்கு ஓடினேன். வாளியைக் கவிழ்த்து மேலே ஏறினேன். மணி அடிக்கிற கம்பி துருப்பிடித்துக் கிடந்தது, என் கைக்குக் கனம். கணக்கப்பிள்ளை அடிக்கிற மாதிரியே, இழுத்து இழுத்து அடித்தேன். வேகமாக அடித்தால் மைனருக்கு அது வேறு மணியாகிவிடும் என்று அந்தப் பயத்திலும் எனக்குத் தெரிந்தது. இதைத்தான் எந்தக் கல்யாண வீட்டிலும் யாரும் சொல்வதில்லை.

வெட்டு இல்லாத நாளில் மணி அடித்தால் என்ன அர்த்தம் என்று ரப்பர் தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போடுகிற புகைவீட்டில் தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். எனக்கும் தெரியும். தெரிந்துதான் அடித்தேன்.

"பொகவீடு பத்திருச்சு! பொகவீடு!" என்று லயமெல்லாம் எழுந்தது. தண்ணீர் வாளியோடு ஆண்கள், குடத்தோடு பெண்கள். ஒரு மதினி அவசரத்தில் அடுப்பிலிருந்த பருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். துரை ஜன்னலை விட்டு வெளியே வந்து, வாட்சரைக் கீழே போய்ப் பார்க்கச் சொல்லிக் கத்தினார். துவக்கின் வாய் வேலியை விட்டுத் திரும்பியது.

மைனர் வந்தான். எல்லா நாயும் வேலியோரம் நிற்க, அவன் மட்டும் வயிறு மண்ணில் தேய மேட்டை விட்டு இறங்கி, ஓடுகிற சனங்களின் கால்களுக்கு நடுவே புகுந்து வந்தான். என் முன்னால் உட்கார்ந்தான். என் இரண்டு கையையும் மோந்தான். வெறுங்கை. அப்படியும் எழுந்து போகவில்லை. அவ்வளவு நேரம், ஒரு மூச்சு விடுகிற நேரம், அவன் முழுக்க என் நாய்.

அவள் ரொட்டியோடு வந்து சேர்ந்தாள். அவன் எழுந்து அவளிடம் போனான்.

புகைவீட்டில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் கூட்டம் கொட்டகைக்குத் திரும்பியது. கணக்கப்பிள்ளைக்கு முகமெல்லாம் வேர்வை. "எவ மணியடிச்சது?" அவருக்குப் பின்னால் அப்பா, கையில் தண்ணீர் வாளி. அப்பாவின் தாடை ஆடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"நான்தாங்க" என்றாள் அவள். "எங்க தோட்டத்துல கொம்புதாங்க ஊதுவாங்க. மணியடிச்சா தீன்னு எனக்குத் தெரியாதுங்க. நாயக் கூப்பிடத்தான் அடிச்சேன்."

"யாரு புள்ள இது?"

கங்காணி முந்திக்கொண்டார். "தாயில்லாத புள்ளங்க. நிவித்திகல பக்கம், கொழுந்துத் தோட்டம். அதுக்கு என்னங்க தெரியும்?"

கணக்கப்பிள்ளை அவளைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாட்சர் வந்து, அத்தனை நாயில் இது ஒன்றுதான் மணிக்குக் காது கொடுத்தது என்று கை கால் ஆட்டிச் சொன்னார். "என்னா மூளை இந்தப் புள்ளைக்கு!" என்றார்கள். அப்பா வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையைத் தடவினார்.

"அப்பா, நான்தான் அடிச்சேன்" என்றேன்.

"பொறாமை புடிச்ச கழுத" என்றார் அப்பா. "அடி விழாதுன்னு தெரிஞ்சவொடனே நான்தாங்குறா!"

கொட்டகையே சிரித்தது. அந்தச் சிரிப்பு என் காதில் எத்தனை வருசம் இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

தண்ணீர் விழுகிற பீலியில் கால் கழுவும்போது அம்மா என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கம்பியின் துரு வரி வரியாக இருந்தது. "நல்லாத் தேச்சுக் கழுவு, அப்பா பாக்குறதுக்குள்ள" என்றார். உண்மை தெரிந்தவர் அம்மா ஒருத்தர்தான், அவரும் அழித்துவிடத்தான் சொன்னார். என்னைக் காப்பாற்றுகிறோம் என்று அம்மாவுக்கு நினைப்பு.

மறுநாள் ஓடையில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி பொய் சொன்ன?"

"ஒன்ன அடிப்பாங்க. என்ன அடிக்க மாட்டாங்க."

"அடிச்சா அடிச்சிட்டுப் போறாங்க. அது என் மணி. என் நாய்."

அவள் பாவாடையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "அத்தை ஒன்ன அடிக்கிறப்பல்லாம் எனக்குப் பொறாமையா இருக்கும் புள்ள. இங்க வந்ததுலேருந்து என்ன யாருமே ஒரு அடி அடிக்கல. விருந்தாளிய அடிக்க மாட்டாங்கள்ல."

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எல்லாவற்றிலும் என்னை மிஞ்சினாள், போகட்டும். பொறாமை ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அதிலும் என்னை மிஞ்ச வேண்டுமா?

மைனர் கிழடாகிச் சாகிற வரைக்கும் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் படுத்தான். தலை அவள் பக்கம், வால் என் பக்கம். பிறகு முறைப்படி என் அண்ணனைக் கட்டிக்கொண்டு அவள் அந்த வீட்டுக்கே மருமகளானாள். நான்தான் வேறு தோட்டத்துக்கு வாழப் போனேன். வயதான காலத்தில் இப்போது அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, நீங்களா மணி அடிச்சீங்க என்று கேட்பார்கள். அவள் ஆமாம் என்று சொல்லவும் மாட்டாள், இல்லை என்று சொல்லவும் மாட்டாள். என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

எழுதி முடித்துவிட்டேன். பேத்தியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். நடுவில் நிறுத்தினாள்.

"அப்ப அந்தப் பாட்டி பொய்யா சொன்னாங்க, அப்பாயி?"

"கேள்வி கேக்காம வாசி. கதவைத் திறந்து வச்சுக்க. அவளுக்குக் காது மந்தம். நான் மணியடிச்ச எடத்த நல்லாச் சத்தமா வாசி."

"பெறகு?"

"ஓடையில அவ சொன்னது வரும். அத மட்டும் மெதுவா வாசி. அத அவ ஒரு தடவை சொன்னதே போதும்."